மடுவத்து நெருப்பு

மழை விட்டு மாதங்களாகிவிட்டன. வீதிகளைத் திறந்துவிட்டார்கள். ஆசிரியர் அறையில் எல்லோரும் அவரவர் மழைக் கதையைச் சொல்லி முடித்துவிட்டார்கள். நானும் சொன்னேன். ஆனால் பாதிதான் சொன்னேன். சொல்லாமல் விட்ட பாதிதான் என்னைக் களைக்க வைக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

அன்று நானும் மகளும் கலஹாவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். அங்கே தேயிலைத் தோட்டத்தில் அக்கா இருக்கிறாள். அவளுக்குக் கால் முறிந்திருந்ததால் இரண்டு நாள் கூட இருக்கப் போனோம். மழை கூடக் கூட எனக்குப் பயமும் கூடியது. மூன்றாம் நாள் காலையிலேயே பையைக் கட்டிவிட்டேன்.

"இந்த மழையில எங்கடி போற? பேசாம இரு" என்றாள் அக்கா.

நான் கேட்கவில்லை. குண்டசாலையில் வாடகை வீடு. பின் ஜன்னலைச் சாத்தினேனா என்று ஒரு கவலை. கணவருக்குக் கொழும்பில் வேலை. அவருடைய தொலைபேசி எடுபடவில்லை, அது இன்னொரு கவலை. கவலைப்படுவதற்கு எனக்கு எப்போதும் ஏதாவது கிடைக்கும்.

பஸ் பேராதனைக்குப் பாதி வழியில் நின்றது. முன்னால் வீதியின் குறுக்கே மண்ணும் ஒரு மரமும் கிடந்தன. மண் அள்ளுகிற பெக்கோ வரும், காத்திருங்கள் என்றார் சாரதி. நான் ஜன்னல் வழியாக மேலே பார்த்தேன். பஸ் நின்ற இடம் நேராகச் சரிவின் கீழே இருந்தது. மேலிருந்து வடிந்த தண்ணீர் கலங்கியிருந்தது. தண்ணீர் கலங்கி வந்தால், மரம் சாய்ந்தால், நிலம் வெடித்தால் உடனே விலகிப் போக வேண்டும் என்ற அறிவித்தல் எங்கள் பாடசாலைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவதும் நான்தான். விஞ்ஞானம் படிப்பிக்கிறேன்.

"எறங்குடி" என்றேன் மகளிடம்.

அந்தச் சரிவு அன்றும் விழவில்லை, பிறகும் விழவில்லை. பஸ்ஸில் இருந்தவர்களுக்குப் பக்கத்து வீடுகளிலிருந்து ரொட்டியும் தேத்தண்ணீரும் வந்ததாகப் பின்னர் கேள்விப்பட்டேன். நாங்கள் அப்போது தோட்டத்துக் குறுக்குப் பாதையில் நனைந்து நடந்துகொண்டிருந்தோம்.

எங்கள் பின்னால் இன்னொருவரும் இறங்கி வந்தார். அக்குறணைக்காரர். மிளகும் கராம்பும் வாங்கி விற்பவர். ஐம்பது வயதைத் தாண்டியிருப்பார். தொப்பிக்கு மேலே ஒரு பொலித்தீன் பையை மாட்டியிருந்தார். பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருந்தவர். பேச்சுக்கொடுத்தபோது ஆசிரியை என்று சொல்லியிருந்தேன்.

"நீங்க ஏன் எறங்குனீங்க நானா?" என்று கேட்டேன். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"டீச்சர் எறங்கினீங்களே. படிச்ச ஆள் எறங்கினா காரணம் ஈக்கும்தானே. இப்ப பாத்தா உங்களுக்கும் வழி தெரியாது போல."

வழி எனக்குத் தெரியும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். தெரியாதது ஓடை எவ்வளவு ஏறியிருக்கும் என்பதுதான். வழக்கமாகக் கணுக்கால் நனையக் கடக்கிற இடம் அன்று இடுப்பளவு ஓடியது. மகள் கல்லில் கால் வைத்தாள், கல் புரண்டது. ஒரு கணம் அவளுடைய தலை மட்டும் தெரிந்தது. நான் அவள் முதுகில் இருந்த பையின் வாரைப் பிடித்தேன். அவர் என் கையைப் பிடித்தார். எப்படியோ மூவரும் அக்கரையில் கிடந்தோம். குடை ஒன்று போய்விட்டது. என் கைப்பை தோளிலேயே இருந்தது.

அதற்குப் பிறகு காற்று தொடங்கியது. மகளுக்கு உடம்பில் சதை என்று சொல்ல ஒன்றுமில்லை. பன்னிரண்டு வயது, குச்சி மாதிரி இருப்பாள். உதடு நீலமாவதைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அரை மணி நேரத்தில் ஒரு மடுவம் தென்பட்டது. கொழுந்து நிறுக்கிற கொட்டகையைத் தோட்டத்தில் மடுவம் என்போம். தகரக் கூரை, இடுப்புயரச் சுவர், சீமெந்துத் தரை. அன்று வேலை இல்லை, ஆளும் இல்லை. உத்திரத்தில் தராசு மாட்டுகிற கயிறு தொங்கியது. ஒரு மூலையில் கொழுந்துச் சாக்குகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. எதிர் மூலையில் மழை படாத உயரத்தில் ஒரு பலகை, அதன்மேல் சாமி படம், படத்துக்கு முன்னால் ஒரு பால்மா டின்.

அந்த டின்னுக்குள் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். கற்பூரம், திரி, திருநீறு. எல்லா மடுவத்திலும் அப்படித்தான்.

நான் அந்த மூலைக்குப் போகவில்லை. வாசல் பக்கமாகவே நின்றேன். அன்று எனக்கு மாதவிலக்கின் இரண்டாம் நாள். இதுவரை இந்தக் கதையைச் சொன்ன எல்லோரிடமும் இதை விட்டுவிட்டுத்தான் சொன்னேன்.

மகளின் உடுப்பைக் கழற்றிப் பிழிந்தேன். பைக்குள் இருந்த உடுப்புகளும் ஊறிப்போயிருந்தன. அவர் வெளியே பார்த்தபடி திரும்பி நின்றார். இரண்டு சாக்கை அவளுக்குச் சுற்றினேன். நைலோன் சாக்கு. காற்றை மறைக்கும், சூடு தராது.

"அம்மா, பல்லு தன்பாட்டுல டைப் அடிக்குது" என்றாள்.

"அடிக்கட்டும். இல்லாட்டியும் உன் வாய் சும்மா இருக்காதே."

சிரித்தாள். அப்போது சிரிக்க முடிந்தது.

நெருப்பு வேண்டும். அது மூவருக்கும் தெரிந்திருந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு லைட்டரை எடுத்தார்.

"டீச்சர், இத நீங்க காணல்ல, சரியா? சிகரட் விட்டுட்டேன்னு வீட்டில சொல்லி ரெண்டு வருசமாகுது."

"காணல்ல நானா."

"கண்டும் பிரயோசனமில்ல. காஸ் முடிஞ்சீக்கி. பொறி மட்டும்தான் வரும்."

பொறியும் வரவில்லை. சக்கரத்துக்குள் தண்ணீர். அவர் அதைச் சுவரின் சுண்ணாம்பில் உருட்டினார், ஊதினார், அக்குளில் வைத்துக்கொண்டார். நான் மடுவத்தின் பின்பக்கம் போனேன். கவ்வாத்து வெட்டிய மிலாறு, அதாவது தேயிலைச் செடியிலிருந்து கழித்த குச்சிகள், ஓரமாக அடுக்கி ஒரு தகரத்தால் மூடியிருந்தது. மேலே இருந்தவை ஊறிப்போயிருந்தன. அடியிலிருந்து ஒரு கட்டு மிலாறை இழுத்து வந்தேன். அதன் பட்டையும் ஈரம். வீட்டுச் சாவியால் பட்டையைச் சுரண்டினேன். உள்ளே வெள்ளையாக, காய்ந்து இருந்தது. இந்த வேலை கைக்கு மறந்திருக்கவில்லை. பத்து வயதில் தினமும் செய்ததுதான். ஆனால் அப்போது பக்கத்தில் தீப்பெட்டி இருக்கும்.

வெப்பம், எரிபொருள், ஒட்சிசன். இருபது வருடங்களாகக் கரும்பலகையில் முக்கோணம் வரைந்து இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பொறியிலிருந்து குச்சிக்கு நெருப்பு தாவாது, நடுவில் பஞ்சு மாதிரி ஒன்று வேண்டும் என்று அந்த முக்கோணத்தில் இல்லை.

உத்திரத்தில் ஒரு பழைய குருவிக்கூடு இருந்தது. மீந்த குடையால் அதைத் தட்டி விழுத்தினேன்.

"குருவி இருக்குமா?" என்றாள் மகள்.

"இல்லடி. பழசு."

காய்ந்த புல், நார், ஏதோ மயிர், இறகு. அதைக் கையில் தேய்த்துப் பொலபொலவென்று ஆக்கினோம். அவர் சக்கரத்தைத் தட்டினார். இப்போது பொறி வந்தது. கூட்டின் மேல் விழுந்தது. மயிர் கருகுகிற நாற்றம் வந்தது, அவ்வளவுதான். மீண்டும் தட்டினார். மீண்டும் நாற்றம்.

"இதில நெருப்பு வரமுந்தி எனக்குப் பேன் வரும்" என்றார்.

தராசுக் கயிறு தென்னந்தும்பில் திரித்தது. அதன் நுனியை அறுத்துப் பிரித்தோம். உள்ளே இருந்த தும்பு காய்ந்துதான் இருந்தது. குடைக் கம்பியால் அதைக் கோதினேன், மெல்லியதாக, இன்னும் மெல்லியதாக. ஒரு பொறி பிடித்தது. சிவப்பாக ஒரு புள்ளி. இருவரும் குனிந்து ஊதினோம். புகை வந்தது. புள்ளி பெரிதாவது போலிருந்தது. பிறகு சாம்பலானது. அதைப் போல மூன்று முறை. அவருடைய பெருவிரலில் தோல் உரிந்து இரத்தம் வந்துவிட்டது. இரத்தம் சக்கரத்தை நனைக்காமல் இருக்க மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

இதற்கெல்லாம் எவ்வளவு நேரம் போயிருக்கும்? முக்கால் மணி நேரம் என்று நான் நினைக்கிறேன். அந்த முக்கால் மணி நேரமும் டின் பலகையில் இருந்தது. என் கைப்பைக்குள் பொலித்தீன் உறையோடு ஒரு நாப்கின் இருந்தது. பஞ்சு. காய்ந்த பஞ்சு. இரண்டும் எனக்குத் தெரியும். தெரியாதது போல் கயிற்றைக் கோதிக்கொண்டிருந்தேன். ஒன்றை நான் தொடக்கூடாது. மற்றதை ஓர் அந்நிய ஆணின் முன்னால் வெளியே எடுக்க முடியாது. பதினோராம் வகுப்புக்கு இனப்பெருக்கத் தொகுதியைப் பாடம் எடுக்கும்போது, இது உடலின் இயல்பு, இதில் வெட்கப்பட எதுவும் இல்லை என்று ஒவ்வொரு வருடமும் சொல்கிறவள் நான்.

மகள் பேச்சை நிறுத்தியிருந்தாள். பிறகு, "பெரியம்மா வீடு வந்துருச்சா?" என்று கேட்டாள். சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன, வாய்க்குள் சோறு இருப்பது போல.

"இல்லம்மா. மடுவத்துல இருக்கோம். கண்ண மூடாத."

"ம்."

அவர் எட்டிப் பார்த்தார். அவருடைய முகம் தெளிந்தது. "அல்ஹம்துலில்லாஹ், நடுக்கம் நின்டிட்டு. புள்ளைக்குச் சூடு பிடிக்குது."

நான் அவளுடைய கழுத்தில் கை வைத்தேன். சீமெந்துத் தரையைப் போலவே சில்லிட்டிருந்தாள். நடுங்குவது உடம்பு சூட்டை உண்டாக்கப் போராடுவது. போராட்டம் நின்றுவிட்டது. இதுவும் நான் படிப்பிக்கிற பாடம்தான்.

"நின்னது நல்லதில்ல நானா" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "அந்தா அந்த டின்ல கற்பூரம் இருக்கும். எடுத்துத் தாங்க."

"நான் எடுக்கவா?" அவர் பின்வாங்கினார். "நான் அதத் தொட்டா நாளைக்கு இந்தத் தோட்டத்து ஆக்கள் என்ன சொல்லுவாங்க? நீங்க எடுங்களேன் டீச்சர்."

"நான் எடுக்கக்கூடாது."

"ஏன், நீங்க வேதக்காரங்கதானே?"

"யாரு சொன்னா?"

"உள்ள வந்ததும் நீங்க கும்பிடல்ல. அந்தப் பக்கமே போகல்ல. அதான் சர்ச்சுக்குப் போற ஆக்களாக்கும்னு நெனச்சேன்."

"இல்ல நானா. நாங்க சைவம்தான்."

அவர் என்னைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்துக்கொண்டார். விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

"வந்த உடனே அந்த டின் என்ட கண்ணுல பட்டது" என்றார் மெதுவாக. "உங்கட கோயில் சாமான். நான் எப்படிச் சொல்றதுன்னு சும்மா ஈந்தேன்."

நான் எழுந்து போனேன். நாலு எட்டுத் தூரம். டின்னை எடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நடக்கும் என்று எதிர்பார்த்தேனா என்றும் தெரியவில்லை. மூடியைத் திறக்க விரல் ஒத்துழைக்கவில்லை, சாவியால் நெம்பினேன். உள்ளே ஒரு தீப்பெட்டி நமத்துப்போய்க் கிடந்தது, தேய்த்ததும் மருந்து உதிர்ந்தது. திரிகள் எண்ணெய் பிடித்திருந்தன. தாளில் சுற்றிய கற்பூரம் ஐந்தாறு வில்லை. இரண்டை மூடியில் போட்டுச் சாவியால் பொடியாக்கினேன். அவர் பொறியைத் தட்டினார். பொறி கற்பூரத்தின் மேல் விழுந்து அணைந்தது. பத்துத் தடவைக்கு மேல்.

"பஞ்சு கொஞ்சம் ஈந்தா..." என்றார்.

கைப்பையைத் திறந்தேன். திரும்பி நின்றுகொண்டு உறையைக் கிழித்தேன். மேல் துணியைப் பல்லால் கடித்துப் பிரித்து உள்ளே இருந்த பஞ்சை வெளியே இழுத்தேன். காய்ந்து, வெள்ளையாக, கூட்டையும் கயிற்றையும் விட எவ்வளவோ மென்மையாக இருந்தது. கையில் அதை மறைத்தபடி வந்து மூடியில் வைத்தேன். கன்னம் எரிந்தது. மகள் அங்கே விறைத்துக் கிடக்கிறாள், எனக்குக் கன்னம் எரிகிறது.

அவர் லைட்டரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு நாலு பொம்புளப் புள்ள டீச்சர். இது வாங்கக் கடைக்குப் போறதே நான்தான். எந்தப் பெக்கட் யாருக்குன்னு கூட எனக்குத் தெரியும். கொண்டாங்க இஞ்சால."

கற்பூரப் பொடியைப் பஞ்சில் பிசைந்தோம். முதல் தட்டலிலேயே பிடித்தது. சத்தமில்லாமல், மஞ்சளாக, புகை கக்கிக்கொண்டு. நான் சுரண்டி வைத்திருந்த மிலாறு சீவல்களை ஒவ்வொன்றாக வைத்தேன். அவர் குருவிக்கூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளிப் போட்டார். இப்போது அது எரிந்தது. பிறகு விரல் மொத்தக் குச்சி. பிறகு இரண்டு விரல் மொத்தம். ஈரக் குச்சிகளைச் சுற்றிவரச் சாய்த்து உலர வைத்தோம். புகை கண்ணைக் கரித்தது. மடித்த ஒரு சாக்கால் விசிறினேன். நெருப்பு பேசத் தொடங்கியதும் அவர் ஒதுங்கிச் சுவரோரம் சாய்ந்து உரிந்த விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

மகளை மடியில் போட்டு, என் வயிற்றோடு அணைத்து, நெருப்புப் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். ஏதோ பேசிக்கொண்டே இருந்தேன். வாய்ப்பாடு சொல்லச் சொன்னேன். ஏழாம் வாய்ப்பாட்டில் எப்போதும் திணறுவாள். அன்று ஏழெட்டு என்ன என்று கேட்டதற்கு என்னைத் தெரியாதவள் போலப் பார்த்தாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு கட்டு மிலாறு முடிந்து அவர் அடுத்த கட்டைக் கொண்டுவந்தார். அப்போது அவளுடைய தாடை ஆடியது. பிறகு தோள். பிறகு உடம்பு முழுவதும் என் மடியில் கிடந்து உதறியது.

"யா அல்லா, திரும்ப நடுங்குது!" என்று அவர் ஓடி வந்தார்.

"நடுங்கட்டும் நானா" என்றேன். "நல்லா நடுங்கட்டும்." எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பயந்துபோய், நெருப்புக்கு இன்னும் நாலு குச்சி வைத்தார்.

புகையைப் பார்த்துத்தான் ஆட்கள் வந்தார்கள். பொழுது சாய்வதற்கு முன்பே, கீழே இருந்த லயத்து வீடுகளிலிருந்து இரண்டு பெண்கள், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, ஒரு பிளாஸ்கில் இஞ்சித் தேத்தண்ணீரோடு. கொழுந்தெடுக்கிறவர்கள். மூத்தவள் மகளுக்குத் தேத்தண்ணீரை ஊதி ஊதிக் கொடுத்தாள். அவளுடைய கண் திறந்து கிடந்த டின்னில் விழுந்தது.

நான் முந்திக்கொண்டேன். "அக்கா, சாமி டின்ன நான்தான் எடுத்தேன். நான்... எடுக்கக்கூடாத நாள்."

அவள் ஒரு கணம் விளங்காமல் பார்த்தாள். விளங்கியதும் சிரித்தாள். கொட்டகை முழுக்கக் கேட்கிற சிரிப்பு.

"அட என்னாங்க நீங்க! மழை நாள்ல நாங்க தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுறதே அந்தக் கற்பூரத்துலதான். அதுக்கெல்லாம் நாள் பாத்தா மலையில ஒருத்தியும் தேத்தண்ணி குடிக்க முடியாது. சாமி கோவிச்சா நாங்க எப்பவோ செத்துருக்கணும்."

இளையவளும் சிரித்தாள். அக்குறணைக்காரர் வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அங்கே பிறந்து, அங்கிருந்து படித்து வெளியேறி, டவுனில் வாடகை வீடு எடுத்து, அந்த விதியை மட்டும் கழுவித் துடைத்துப் பத்திரமாக எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

அன்று அவர்களுடைய வீட்டில் தங்கினோம். மறுநாள் நடந்து பேராதனைக்கு வந்தோம். அவர் அங்கே ஒரு லொறியில் ஏறிக்கொண்டார். "லைட்டர் விசயம் ஞாபகம் வச்சுக்கங்க டீச்சர்" என்றார். நான் தலையாட்டினேன். நன்றி சொன்னேனா என்று நினைவில்லை.

மகள் தேறிவிட்டாள். ஒரு வாரம் இருமினாள், அவ்வளவுதான். நான்தான் தேறவில்லை. ஓடையில் அவள் விழுந்ததை நினைத்து நான் திடுக்கிடுவதில்லை. அந்த முக்கால் மணி நேரத்தை நினைத்தால்தான் செய்கிற வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். இன்னொரு கால் மணி நேரம் நான் கயிற்றைக் கோதிக்கொண்டிருந்தால்? கறி வதக்கும்போது இது வரும். வினாத்தாள் திருத்தும்போது வரும்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்.

"அம்மா, அன்னைக்கு அந்தக் கற்பூர டின் அங்கேயேதானே இருந்துச்சு. ஏன் முதல்லயே எடுக்கல?"

"நீ பார்த்தியா?"

"ம். பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"அப்ப சொல்லியிருக்கலாமே."

"நீங்க டீச்சர்தானே. அத எடுக்காததுக்கு ஏதாவது காரணம் இருக்கும்னு நெனச்சேன்."

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். களைப்பாக இருந்தது. சமாளிப்பதற்கும் பலம் வேண்டும். உள்ளதைச் சொன்னேன். நாப்கினையும் சொன்னேன். அவள் கையில் பிசைந்த சோற்றோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அதுக்காகவா?" என்றாள்.

"அதுக்காகத்தான்."

கோபப்படுவாள் என்று நினைத்தேன். இல்லை. தட்டைப் பார்த்தாள். பிறகு, "எனக்கு வந்தா நானும் அப்படித்தான் ஒதுங்கி நிக்கணுமா?" என்று கேட்டாள்.

"வேணாம்" என்றேன். மிக வேகமாகச் சொல்லிவிட்டேன். நான் சொன்னதை அவள் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

போன வெள்ளிக்கிழமை எனக்கு இரண்டாம் நாள். வழக்கமாக அந்த நாட்களில் வீட்டு விளக்கை அவள் ஏற்றுவாள். நான் சமையலறையோடு நின்றுவிடுவேன். அன்று பின்னேரம் அவள் முகம் கழுவிவிட்டு வந்தபோது நான் சாமி படத்துக்கு முன்னால் திரி போட்டுக்கொண்டிருந்தேன். விடுதலை, துணிச்சல் என்று எதுவும் எனக்குத் தோன்றவில்லை. வயிறு வலித்தது. ஏதோ பிழை செய்கிற மாதிரியே இருந்தது. இரண்டு குச்சிகள் ஒடிந்தன. மூன்றாவதில் ஏற்றினேன்.

அவள் கதவோரம் நின்று, ஒரு துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, கடைசி வரை பார்த்தாள். பிறகு போய்ப் புத்தகத்தை விரித்தாள்.